கலிஃபோர்னியா செடேஷன் பெர்மிட் ஒரேகனிலும் வாஷிங்டனிலும் செல்லுமா?

கேட்டவர் தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்தவர். கலிஃபோர்னியாவில் ஓர் ஓரல் சர்ஜனிடம் (வாய், தாடை அறுவை செய்யும் பல் டாக்டர்) ஒன்றரை வருடமாக அசிஸ்டென்ட்டாக வேலை பார்க்கிறார். டென்டல் செடேஷன் அசிஸ்டென்ட் பெர்மிட், அதாவது பல் சிகிச்சையில் மயக்க மருந்து (செடேஷன்) கொடுக்கும்போது டாக்டருக்கு உதவும் அனுமதி, கைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கணவருக்கு ஒரேகனில் ஹில்ஸ்பரோவிலும் வாஷிங்டனில் ரெட்மண்டிலும் வேலை அழைப்பு. எங்கே போனால் இந்தப் பெர்மிட் செல்லும், முதலிலிருந்து படிக்க வேண்டுமா, பி.டி.எஸ். படித்ததற்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு மாநிலத்திலும் அது அப்படியே செல்லாது. அங்கே போய் இறங்கிய மறுநாள், கலிஃபோர்னியாவில் நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையில் பாதியைச் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்காது. ஆனால் படித்த படிப்பும் எழுதிய தேர்வும் வீண் இல்லை. அதை எந்த வாசல் வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் விஷயம். நான் பதினோரு வருடமாக ஓரல் சர்ஜரி கிளினிக்குகளில் இருக்கிறேன், கலிஃபோர்னியாவில் தொடங்கி இப்போது வாஷிங்டனில். இந்த மாற்றத்தை நானே கடந்து வந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் பணத்தையும் நாளையும் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் ‘சர்டிஃபைடு அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்’ என்று ஒரு வேலை முதலில் வரும். அது வேறு தொழில். முதுகலைப் பட்டம் வேண்டும். மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் எம்.டி. அனஸ்தீசியாலஜிஸ்ட்டின் கீழ் வேலை. நாம் பேசுவது பல் கிளினிக்கில், மயக்க மருந்து கொடுக்க அனுமதி பெற்ற பல் டாக்டரின் பக்கத்தில் நிற்கும் உதவியாளரைப் பற்றி. இந்த ஒரே ஆளுக்குக் கலிஃபோர்னியா ‘டென்டல் செடேஷன் அசிஸ்டென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது, வாஷிங்டன் ‘டென்டல் அனஸ்தீசியா அசிஸ்டென்ட்’ என்கிறது, ஒரேகன் ‘சர்டிஃபைடு அனஸ்தீசியா டென்டல் அசிஸ்டென்ட்’ என்கிறது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறதே என்று உரிமையும் ஒன்றாக இருக்கும் என நினைத்துவிடக் கூடாது. மாநிலம் விட்டு மாநிலம் வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு அதுதான்.

அமெரிக்காவில் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் வேலை, வாஷிங்டன் டி.சி.யில் இதற்கென்று ஓர் அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒரு சட்டம், ஒரு டென்டல் போர்டு அல்லது கமிஷன். அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் 2016-இல் திருத்தி வெளியிட்ட செடேஷன் வழிகாட்டுதல்கள் நாடு முழுவதும் மதிக்கப்படுகின்றன. டீப் செடேஷனோ (ஆழ்ந்த மயக்கம்) ஜெனரல் அனஸ்தீசியாவோ (முழு மயக்கம்) என்றால் அறையில் டாக்டரையும் சேர்த்து மூன்று பேர் இருக்க வேண்டும். டாக்டரே மருந்தும் கொடுத்து ஆபரேஷனும் செய்கிறார் என்றால் மற்ற இருவரில் ஒருவரை நோயாளியைக் கண்காணிப்பதற்கென்றே நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான். அந்த ‘ஒருவர்’ யார், என்ன படித்திருக்க வேண்டும், சிரிஞ்சைத் தொடலாமா என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இந்த ஏற்பாடே புதிதாக இருக்கும். அங்கே ஞானப்பல் எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான். முழு மயக்கம் வேண்டுமென்றால் தனியாக அனஸ்தீசியா டாக்டரை வரவழைப்பார்கள். இங்கே ஓரல் சர்ஜன் தன் கிளினிக்கிலேயே ஐ.வி. (இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றும் லைன்) போட்டு, தானே மருந்து கொடுத்து, தானே பல்லையும் எடுக்கிறார். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1844-இல் ஹார்ட்ஃபர்டில் நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்து தன் பல்லையே எடுக்கச் சொன்ன ஹொரஸ் வெல்ஸும், 1846-இல் பாஸ்டனில் ஈத்தரைக் காட்டிய மார்ட்டனும் பல் டாக்டர்கள். மயக்க மருந்து தங்கள் கையில் பிறந்தது என்ற உரிமை அந்தத் தொழிலில் இன்றும் இருக்கிறது. அந்த ஏற்பாடு தாங்கி நிற்பது நம்மைப் போன்ற உதவியாளர்களின் மேல். டாக்டரின் கண் வாய்க்குள் இருக்கும் நேரத்தில் மூச்சைப் பார்க்கும் கண் நம்முடையது.

இனிக் கலிஃபோர்னியா. உங்கள் கையில் இருக்கும் பெர்மிட்டே என்ன சொல்கிறது என்று ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவோம். அதை வைத்துத்தான் மற்ற இரண்டையும் அளக்க முடியும்.

2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பெர்மிட் இது. டென்டல் அசிஸ்டென்ட்டாகக் குறைந்தது பன்னிரண்டு மாத வேலை அனுபவம், மாநிலப் பல் மருத்துவச் சட்டம் பற்றிய இரண்டு மணி நேர வகுப்பு, எட்டு மணி நேரத் தொற்றுத் தடுப்பு வகுப்பு, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, விரல் ரேகைச் சோதனை, எழுத்துத் தேர்வு. இவற்றோடு போர்டு ஒப்புதல் பெற்ற 110 மணி நேரப் படிப்பு. அந்த 110-இல் குறைந்தது 40 மணி நேரம் பாடம், 32 மணி நேரம் லேப் பயிற்சி, 38 மணி நேரம் நிஜ நோயாளிகளிடம். நீங்கள் இதையெல்லாம் இப்போதுதான் முடித்து வந்திருக்கிறீர்கள். இதை எழுதக் காரணம், அந்த மணிக்கணக்குப் பிரித்துக் காட்டும் சான்றிதழை, பயிற்சியாளர் கையெழுத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான். வேறு மாநிலத்தில் ‘இதற்கு நிகரான பயிற்சி’ என்று நிரூபிக்க வேண்டி வந்தால் பெர்மிட் அட்டை உதவாது, அந்தத் தாள்தான் உதவும்.

இந்தப் பெர்மிட் தரும் உரிமைகள் பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோடின் 1750.5-ஆம் பிரிவில் இருக்கின்றன. நான் வாசித்த சட்ட வாசகங்களில் இவ்வளவு கவனமாக எழுதப்பட்டது குறைவு. ஆபரேஷனுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஈ.சி.ஜி., கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவி), இரத்த அழுத்தம், நாடி, மூச்சு இவற்றைக் கொண்டு நோயாளியைக் கண்காணிக்கலாம். மருந்தை அடையாளம் கண்டு சிரிஞ்சில் எடுக்கலாம். அளவை டாக்டர் சரிபார்க்க வேண்டும். டாக்டர் நாற்காலியின் பக்கத்திலேயே நிற்கும்போது ஐ.வி. லைனில் மருந்தைச் செலுத்தலாம். அதற்கும் படிகள்: லைன் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, மருந்து செலுத்தும் வாய் (போர்ட்) எது என்று தேர்வது, சிரிஞ்சைச் செருகுவது, லைனை அடைத்து இரத்தம் பின்னே வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது, விட்டு, உரிய நேர இடைவெளியில் செலுத்துவது. கடைசியில் ஐ.வி. லைனை எடுக்கலாம்.

இதில் இரண்டு இடங்களை ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, எந்த மருந்தாக இருந்தாலும் முதல் டோஸை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். ஒரு மருந்துக்கு இந்த நோயாளியின் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாத அந்த முதல் தருணம் அசிஸ்டென்ட்டின் கையில் விழக் கூடாது என்பது அதன் பொருள். மிடசோலம் என்ற மயக்க மருந்து மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்றும் வருகிறது, ஐந்து என்றும் வருகிறது; கெட்டமின் மில்லிக்கு 10, 50, 100 என்று மூன்று வகையில் வருகிறது. குப்பி மாறினால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. அதனால்தான் எடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், முதலில் கொடுப்பவர் டாக்டர் என்று மூன்று பூட்டு.

இரண்டாவது, அந்தப் பட்டியலில் லைனை எடுப்பது இருக்கிறது, லைன் போடுவது இல்லை. இரத்தக் குழாயில் ஊசி குத்தி ஐ.வி. ஆரம்பிக்கும் உரிமையை இந்தப் பெர்மிட் தருவதில்லை. வாஷிங்டனுக்கும் ஒரேகனுக்கும் போனால் கதை மாறுவது இந்த இடத்தில்தான்.

பெர்மிட் இல்லாத சாதாரண அசிஸ்டென்ட் கலிஃபோர்னியாவில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் திரையில் தெரியும் எண்ணைப் படித்து டாக்டரிடம் சொல்லலாம். அதற்கு அர்த்தம் காண்பது நாற்காலி பக்கத்தில் நிற்கும் டாக்டரின் வேலை. படித்துச் சொல்வது வேறு, கண்காணிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பல கிளினிக்குகள் மறந்துவிடுகின்றன. என் ஆரம்ப காலத்தில், பெர்மிட் வாங்குவதற்கு முன்னால், நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் பெர்மிட் வைத்திருந்தவர் லீவு. டாக்டரின் இரண்டு கையும் வேலையில் இருக்க, ‘இன்னும் ரெண்டு மில்லி ஏத்தும்மா’ என்றார். சிரிஞ்சு என் கைக்கு எட்டும் தூரத்தில். எனக்குச் செய்யத் தெரியும், பி.டி.எஸ். படித்தவள், நூறு தடவை பார்த்தவள். ‘எனக்கு அனுமதி இல்லை டாக்டர்’ என்று கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தானே ஏற்றினார். அன்றைக்கு முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஏதாவது ஆகியிருந்தால் போர்டு விசாரணையில் முதல் கேள்வி ‘மருந்தை ஏற்றியது யார்’ என்பதாகவே இருந்திருக்கும்.

சரி, வாஷிங்டன். இங்கே சட்டசபை 2012-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது, அடுத்த ஆண்டிலிருந்து சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. சட்டத் தொகுப்பில் 18.350 என்ற அத்தியாயம் முழுக்க டென்டல் அனஸ்தீசியா அசிஸ்டென்ட்டுக்கு மட்டும். இதில் உங்களுக்கு மிக முக்கியமானது யாருடைய மேற்பார்வை என்பது. ஓரல் சர்ஜன் அல்லது டென்டல் அனஸ்தீசியாலஜிஸ்ட் (மயக்க மருந்தில் தனிப் பயிற்சி பெற்ற பல் டாக்டர்), இந்த இருவரின் கீழ் மட்டும்தான் இந்தச் சான்றிதழ் உயிரோடு இருக்கும். செடேஷன் பெர்மிட் வைத்திருக்கும் பொதுப் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தால் சான்றிதழ் சுவரில் தொங்கலாம், அதை வைத்து ஐ.வி.யைத் தொட முடியாது. ரெட்மண்ட் பக்கம் வேலை தேடும்போது விளம்பரத்தில் ‘செடேஷன் ஆஃபீஸ்’ என்று இருந்தால் டாக்டர் யார் என்று முதலில் பாருங்கள்.

உரிமைகளை வாஷிங்டன் இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறது. டாக்டர் அதே இடத்தில் இருந்து மேற்பார்வை செய்தால் போதும் என்ற முதல் அடுக்கில் ஐ.வி. லைன் போடலாம், எடுக்கலாம், லைன் அடைத்துக்கொள்ளாமல் இருக்கும் அளவுக்குச் சொட்டு வேகத்தைச் சரிசெய்யலாம். டாக்டரின் நேரடிப் பார்வையில் மட்டும் என்ற இரண்டாம் அடுக்கில் மருந்தை எடுத்துத் தயார் செய்வது, வாய்மொழியாக அவர் சொல்லச் சொல்ல லைனில் செலுத்துவது, சொட்டு வேகத்தைக் கூட்டுவது, மருந்தைச் சீராகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப்பைச் சரிசெய்வது, அவசரத்தில் உயிர்காக்கும் மருந்து கொடுக்க உதவுவது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற முடிவும் நோயாளியைக் கண்காணிக்கும் பொறுப்பும் முழுக்க டாக்டருடையது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியா லைன் போட விடாது; வாஷிங்டன் விடும், ஆனால் பொறுப்பு எங்கே நிற்கிறது என்பதைக் கறாராகச் சொல்கிறது. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் வாஷிங்டனின் இரண்டு அடுக்கு முறைதான் எனக்குத் தெளிவாகப் படுகிறது. எந்தக் கணத்தில் டாக்டர் கண் என்மேல் இருக்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியும்.

லைன் போட விடுவதால் அதற்கான பயிற்சியையும் கேட்கிறார்கள். எட்டு மணி நேரம் பாடம்: இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எப்படிக் குத்துவது, தவறினால் என்ன ஆகும். பிறகு மனிதரிடமோ பயிற்சிப் பொம்மையிடமோ பத்து முறை வெற்றிகரமாக லைன் போட்டுக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாப் படிப்பில் உங்களுக்கு இது கிடைத்திருக்காது, ஏனென்றால் அங்கே அந்த உரிமையே இல்லை. ஆகவே வாஷிங்டன் என்று முடிவானால் நீங்கள் புதிதாகத் தேட வேண்டிய முதல் வகுப்பு இதுதான்.

அடுத்தது தேர்வு. ஓரல் சர்ஜன்களின் தேசியச் சங்கம் நடத்தும் ‘டென்டல் அனஸ்தீசியா அசிஸ்டென்ட் நேஷனல் சர்டிஃபிகேஷன் எக்ஸாமினேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டான்ஸ்’ என்று கூப்பிடுவோம். சுமார் 36 மணி நேரத்துக்கான பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டுத் தேர்வு மையத்தில் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். உடற்கூறு, நோய்கள், மருந்துகள், மானிட்டர், அவசர நிலை எல்லாம் வரும். வாஷிங்டன் இதை ஏற்றுக்கொள்கிறது. கலிஃபோர்னியா ஏற்றுக்கொள்வது தன் போர்டு ஒப்புதல் தந்த படிப்பையும் தன் தேர்வையும்தான். ஆகவே டான்ஸ் எழுதிய ஒருவர் கலிஃபோர்னியா வந்தாலும் 110 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். 110 மணி நேரம் உட்கார்ந்த நீங்கள் இங்கே வந்தால் டான்ஸ் எழுதுவதுதான் நேர்வழி. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு இது கஷ்டமான தேர்வாக இருக்காது. பார்மகாலஜி இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் எழுதியபோது என் கூட எழுதியவர்கள் இதயத்தின் மின்னோட்டத்தில் திணறினார்கள். எனக்கு அது பி.டி.எஸ். இரண்டாம் வருடப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தது மாதிரி இருந்தது.

இன்னொன்று. வாஷிங்டனில் சாதாரண டென்டல் அசிஸ்டென்ட் வேலைக்கே மாநிலப் பதிவு வேண்டும். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாத அசிஸ்டென்ட்டாக அப்படியே வேலைக்குச் சேர முடிந்த பழக்கத்தில், இங்கே வந்து பதிவு செய்யாமல் ஒரு வாரம் ‘டிரையல்’ பார்க்கிறேன் என்று போய்விடாதீர்கள். பதிவு எளிது. முதல் வேலையாக அதை முடித்துவிட்டு, அதைக் கொண்டு சம்பளத்துக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஐ.வி. வகுப்பையும் டான்ஸையும் முடிப்பதுதான் நான் போன பாதை.

ஒரேகன் உங்களுக்குக் கொஞ்சம் எளிதாகலாம். அங்கே டென்டல் போர்டு விதியிலேயே ஏற்கத்தக்க படிப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. ஓரல் சர்ஜன்களின் தேசியச் சங்கத்தின் அனஸ்தீசியா அசிஸ்டென்ட் திட்டமும் அதன் வழியில் வந்ததும் ஒன்று. கலிஃபோர்னியா ஓரல் சர்ஜன் சங்கம் நடத்தும் அசிஸ்டென்ட் படிப்பும் அதில் ஒன்று. நீங்கள் படித்தது எந்த நிறுவனத்தின் படிப்பு என்று கேள்வியில் இல்லை. கலிஃபோர்னியாச் சங்கத்தின் படிப்பு எதையாவது முடித்திருந்தால், அது விதியில் பெயர் சொல்லியிருக்கும் அதே படிப்புதானா என்று ஒரேகன் போர்டுக்கு எழுத்தில் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் புதிதாகத் தேர்வு எழுதாமலே ஒரேகன் சான்றிதழ் வாங்கிவிடலாம்.

ஒரேகன் சான்றிதழ் வைத்திருப்பவர், அனஸ்தீசியா பெர்மிட் உள்ள டாக்டரின் நேரடிப் பார்வையில், ஏற்கெனவே போட்டிருக்கும் லைனில் மருந்து செலுத்தலாம். அவசரத்தில் உயிர்காக்கும் மருந்து கொடுத்து உதவலாம். லைன் போடுவது தனி. அதற்கென்று ஒப்புதல் பெற்ற படிப்பை முடித்தால் அந்த உரிமை தனியாகச் சேரும். இதைத் தவிர ‘அனஸ்தீசியா மானிட்டர்’ என்று ஒரேகன் விதிகளில் ஒரு சொல் வரும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற, அவசரத்தில் கைகொடுக்கக் கூடியவர் என்று பொருள். மானிட்டராக நிற்பதும் சிரிஞ்சைத் தொடுவதும் அங்கே இரண்டு தனித்தனி விஷயம். வேலை விளம்பரத்தில் மானிட்டர் என்று இருந்தால் மருந்து செலுத்தும் உரிமையும் அதற்குள் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்காணிப்பைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். உரிமை வாங்குவதில் நாம் காட்டும் ஆர்வம் பெரும்பாலும் சிரிஞ்சின் மேல்தான் இருக்கிறது. ஆனால் உயிர் போவது பெரும்பாலும் மூச்சில்தான்.

2015-இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆறு வயதுக் குழந்தை, பல் எடுக்க ஜெனரல் அனஸ்தீசியா கொடுத்த இடத்தில் இறந்துபோனது. ஓரல் சர்ஜனே மருந்தும் கொடுத்து பல்லும் எடுத்த ஏற்பாடு அது. குடும்பத்தார் விடாமல் போராடியதில், குழந்தையின் பெயராலேயே கேலெப் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் 2016-இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2018-இல் இன்னொரு சட்டம் நிறைவேறி, 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டீப் செடேஷனோ ஜெனரல் அனஸ்தீசியாவோ என்றால், ஆபரேஷன் செய்யும் டாக்டரோடு இன்னும் இருவர் தொடக்கம் முதல் முடிவு வரை அறையில் இருக்க வேண்டும். அந்த டாக்டரே மயக்கமும் கொடுப்பதானால், அவருக்கும் அந்த இருவரில் ஒருவருக்கும் குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சியான பி.ஏ.எல்.எஸ். இருக்க வேண்டும், அந்த ஒருவர் குழந்தையைக் கண்காணிப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. சக்ஷன் பிடிக்கக் கூடாது, கருவி எடுத்துக் கொடுக்கக் கூடாது. கண் குழந்தைமேல், மானிட்டர்மேல், அவ்வளவுதான்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் குழந்தைப் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பல் கிளினிக்கில் குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கம் என்றால் கண்காணிப்பவரே அனஸ்தீசியா டாக்டராகவோ, அனஸ்தீசியா நர்ஸாகவோ, டென்டல் அனஸ்தீசியாலஜிஸ்ட்டாகவோ, இரண்டாவது ஓரல் சர்ஜனாகவோ இருக்க வேண்டும் என்கிறது. அதாவது அசிஸ்டென்ட் போதாது என்கிறது. இதில் ஓரல் சர்ஜன்களுக்கும் குழந்தைநல மருத்துவர்களுக்கும் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நான் இந்தத் தொழிலிலேயே சோறு சாப்பிடுகிறவள். ஆனாலும் சின்னக் குழந்தைகள் விஷயத்தில் குழந்தைநல மருத்துவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். குழந்தையின் நுரையீரலில் காற்று இருப்பு குறைவு, உடம்பு ஆக்ஸிஜனைச் செலவழிக்கும் வேகம் அதிகம். தொண்டை இறுகி மூச்சு அடைத்தால் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவர்களுக்குக் கிடையாது. அந்த நேரத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்துவது மட்டும் போதாமல் போனால், அடுத்த மருந்தைத் தானாகவே தீர்மானிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் வேண்டும். எனக்கு மாஸ்க் பிடிக்கத் தெரியும். அந்த முடிவை எடுக்கும் படிப்பும் உரிமையும் எனக்கு இல்லை.

பெரியவர்களிடத்தில் நம் பங்கு உண்மையிலேயே பெரியது. இதற்கு ஒரே ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். இருபது வயதுப் பையன், நான்கு ஞானப்பல், மிடசோலமும் ஃபென்டனிலும் கொடுத்து, மேலே கொஞ்சம் ப்ரோபஃபால். மூக்கில் ஆக்ஸிஜன் ஓடுகிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 99. திரையில் கேப்னோகிராஃப் கோடு சட்டென்று தட்டையாகப் படுத்துவிட்டது. மார்பைப் பார்த்தேன், அசைவு இல்லை. ‘டாக்டர், மூச்சு இல்லை’ என்றேன். அவர் நிமிர்ந்து தாடையை முன்னே தூக்கினார். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, கோடு எழுந்தது. இதெல்லாம் முடிந்தும் ஆக்ஸிமீட்டர் 97-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்ற செய்தி அந்த எண்ணுக்கு வந்து சேரத் தாமதமாகும். கேப்னோகிராஃப் அதே நொடியில் சொல்லிவிடும். ஓர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர் மானிட்டர் பார்ப்பவர் இல்லை. எந்த மாநிலத் தேர்வாக இருந்தாலும் இந்த இடத்திலிருந்து கேள்வி வராமல் இருக்காது.

மிடசோலத்துக்கு ஃப்ளூமஸெனில், ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன் என்று மாற்று மருந்து இருக்கிறது, ப்ரோபஃபாலுக்கு மாற்று கிடையாது. அது இறங்கும்வரை மூச்சை நாம்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதையும் மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். டாக்டரின் அனஸ்தீசியா பெர்மிட்டுக்காக ஆய்வாளர்கள் கிளினிக்குக்கு வரும்போது, மூச்சுக்குழல் அடைப்பு, மாரடைப்பு, ஒவ்வாமை, வலிப்பு, சர்க்கரைக் குறைவு என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டச் சொல்வார்கள். அதில் அசிஸ்டென்ட்டும் ஓர் ஆள். ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) எந்த அலமாரியில் என்று அன்றைக்குத் தேடினால் டாக்டரின் பெர்மிட்டுக்கே கேடு.

பி.டி.எஸ். பற்றிக் கேட்டீர்கள். மூன்று மாநிலத்திலும் அது படிப்பாக மதிக்கப்படும், உரிமையாக மதிக்கப்படாது. இந்திய பி.டி.எஸ். வைத்துக்கொண்டு இங்கே பல் டாக்டராக வேண்டுமென்றால், பெரும்பாலானவர்கள் போகும் பாதை ஐ.என்.பி.டி.ஈ. என்ற தேசியப் பல் மருத்துவத் தேர்வு எழுதி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இரண்டு மூன்று வருடப் படிப்பில் சேர்ந்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. என்ற அமெரிக்கப் பல் மருத்துவப் பட்டம் வாங்குவது. அதுவரை நீங்கள் சட்டத்தின் பார்வையில் ஓர் அசிஸ்டென்ட்; பக்கத்தில் நிற்கும் பள்ளிப்படிப்பு மட்டும் முடித்தவருக்கும் உங்களுக்கும் ஒரே எல்லைதான். இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கு இருந்தது. ‘அங்கே நான் பல் எடுத்திருக்கிறேனே’ என்ற நினைப்பில் எல்லை தாண்டினால், லைசென்ஸ் இல்லாமல் பல் மருத்துவம் செய்ததாகப் பதிவாகும். பிறகு டி.டி.எஸ். முடித்து லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். இன்னொரு பக்கம், அந்தப் படிப்புக்கான நேர்காணலில் ஓரல் சர்ஜரி செடேஷன் அனுபவம் நன்றாகவே பேசும்.

நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஹெச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் விசா) என்றால் வேலை அனுமதி அட்டை கையில் இருக்கும் நாட்களில் மட்டும் வேலை பாருங்கள். சம்பளம் வாங்காமல் ‘பழகிக்கொள்கிறேன்’ என்று போவதும் சிக்கலில் மாட்டிவிடும்.

இப்போது கையில் செய்ய வேண்டியது. கலிஃபோர்னியா பெர்மிட்டைக் காலாவதி ஆக விடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, 25 மணி நேரத் தொடர்கல்வி. திரும்பி வரும் வாய்ப்பு இருப்பவர் அதை விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது வீண் சிரமம். பி.எல்.எஸ். அட்டையை நேரில் கைப்பயிற்சியோடு புதுப்பியுங்கள். முழுக்க ஆன்லைனில் முடிக்கும் வகுப்புகள் மலிவாகக் கிடைக்கும், விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் அதன் விலை தெரியும். இப்போது வேலை பார்க்கும் டாக்டரிடம், நீங்கள் எத்தனை மாதம், வாரம் எத்தனை மணி நேரம், எந்த வகை மயக்கத்தில் உதவினீர்கள் என்று தேதியோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் கிடைக்கத் தாமதமாகும், டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டால் கிடைக்காமலும் போகலாம். எந்த ஊர் என்று முடிவான அன்றே அந்த மாநிலத்தின் விண்ணப்பப் படிவத்தை நேராக அவர்கள் தளத்திலிருந்து எடுத்து வரி வரியாகப் படியுங்கள், ஏனென்றால் விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத் தாள் அதைவிட ஒரு வருடம் பின்தங்கியே இருக்கும்.

வேலை நேர்காணலில் நான் எப்போதும் மூன்றைக் கேட்டுவிடுவேன். டாக்டருக்கு எந்த அனஸ்தீசியா பெர்மிட் இருக்கிறது? மயக்கத்தில் நோயாளி இருக்கும்போது அறையில் எத்தனை பேர்? அவர்களில் மானிட்டரைத் தவிர வேறு வேலை இல்லாதவர் யார்? மூன்றாவது கேள்விக்கு உடனே ஒரு பெயர் சொல்லும் கிளினிக்கில் சேருங்கள்.